ஸ்பெயினில் யுத்தத்தை மூட்டியது யார்?

ஸ்பெயின் நாட்டின் உள்நாட்டு யுத்தத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நடுநிலை பேசும் கனவான்கள் ஒரு பாடத்தை ஒப்பிக்கிறார்கள். "இடதுசாரிகளும் வெறி பிடித்து நின்றார்கள், வலதுசாரிகளும் வெறி பிடித்து நின்றார்கள். தொழிலாளிகள் ஓயாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். விவசாயிகள் பிறர் நிலத்தில் புகுந்தார்கள். நாடு சீர்குலைந்தது. வேறு வழியில்லாமல் ராணுவம் தலையிட்டது." இதுதான் அந்தப் பாடம்.

இந்தப் பாடம் ஸ்பெயினோடு நிற்பதில்லை. பஞ்சப்படி கேட்டு ஆலை வாசலில் நிற்கிறவனைப் பார்த்தும் இதைத்தான் சொல்கிறார்கள். அறுப்புக் கூலி கேட்டுக் களத்து மேட்டில் நிற்கிறவளைப் பார்த்தும் இதைத்தான் சொல்கிறார்கள். "நீங்கள் கேட்பதால்தான் கலகம் வருகிறது; கேட்காமலிருந்தால் நாடு அமைதியாக இருக்கும்" என்கிறார்கள். ஆகவே 1931 முதல் 1936 வரை அந்த நாட்டில் நடந்ததை வரிசையாகப் பார்த்துவிடுவது நல்லது. இந்த வழக்கில் தேதிகளே சாட்சி சொல்லும்.

நிலம் யார் கையில்?

சுமார் 2 கோடி 40 லட்சம் மக்கள் கொண்ட அந்த நாட்டின் தென்பகுதியில் ஆந்தலூசியா, எஸ்த்ரமதூரா என்ற பிரதேசங்கள் இருக்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பண்ணை, ஒரே சொந்தக்காரர். அவர் மாட்ரிட்டிலோ செவில்லிலோ மாளிகையில் இருப்பார். பண்ணையைக் காரியஸ்தர் பார்ப்பார். நிலமில்லாத கூலிகள் விடிவதற்கு முன் ஊர்ச் சதுக்கத்தில் வந்து நிற்பார்கள். காரியஸ்தரின் ஆள் வந்து, சந்தையில் மாடு பிடிப்பதுபோல், "நீ வா, நீ வா" என்று பொறுக்குவான். சங்கத்தில் சேர்ந்தவன் என்று தெரிந்தால் அவனுக்கு அன்று வேலை இல்லை. கோதுமை அறுப்பும் ஆலிவ் பறிப்பும் முடிந்தால் ஆண்டின் மிச்ச மாதங்களில் பட்டினி. பசி தாங்காமல் பண்ணைத் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் ஓக் கொட்டைகளைப் பொறுக்கினால் குவார்தியா சிவில் என்ற கிராமப்புறப் போலீசின் அடி விழும். அந்தப் போலீஸ்காரனைச் சொந்த ஊரில் வேலைக்குப் போடமாட்டார்கள். அடிக்கிற கை, அடிபடுகிறவனுக்கு உறவாக இருந்துவிடக் கூடாதல்லவா?

நிலப்பிரபுவுக்குப் பக்கத்தில் மடாலயம். அதற்குப் பக்கத்தில் ராணுவம். சிப்பாய்களின் எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு அதிகாரிகள் நிரம்பிய ராணுவம். இந்த மூன்று தூண்களின் மேல்தான் மன்னராட்சி நின்றது.

1931 ஏப்ரல் 12-ம் தேதி நடந்த நகரசபைத் தேர்தலில் பெரிய நகரங்களெல்லாம் குடியரசுவாதிகளுக்கும் சோஷலிஸ்டுகளுக்கும் வாக்களித்தன. இரண்டே நாளில், ஏப்ரல் 14-ம் தேதி, குடியரசு பிரகடனமாயிற்று. மன்னன் அல்பான்ஸோ மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போனான். ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை. ஆனால் தூண்கள் மூன்றும் அப்படியே நின்றன.

"குடியரசைத் தின்னுங்கள்!"

புதிய சர்க்காரின் தொழிலாளர் மந்திரி லார்கோ கபயேரோ சில உத்தரவுகள் போட்டார். வயல் வேலைக்கும் 8 மணி நேரம் என்றார். குத்தகைதாரரை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்றார். உள்ளூரில் வேலையில்லாதவர் இருக்கும்வரை வெளியூர் ஆட்களை இறக்கக் கூடாது என்றார். பயிரிடக் கூடிய நிலத்தைத் தரிசு போடக் கூடாது என்றார்.

இவற்றில் எது தீவிரவாதம்? எது புரட்சி? ஆலையில் எப்போதோ வந்துவிட்ட 8 மணி நேரத்தை வயலுக்கும் நீட்டியது குற்றமா? ஆனால் பண்ணையார்கள் இதையே தங்கள் மீது தொடுக்கப்பட்ட யுத்தமாகக் கருதினார்கள். உழாமல் நிலத்தைக் கிடையில் போட்டார்கள். வேலை கேட்டு வந்தவர்களிடம், "குடியரசு வேண்டும் என்றீர்களே, போய்க் குடியரசைத் தின்னுங்கள்!" என்றார்கள். யுத்தத்தின் முதல் அறிவிப்பு இதுதான். அதை விடுத்தவர்கள் நிலத்தின் சொந்தக்காரர்கள்.

1932 ஆகஸ்டு 10-ம் தேதி ஜெனரல் சன்ஹுர்ஹோ செவில் நகரில் கலகக் கொடி தூக்கினான். குடியரசுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. செவில் தொழிலாளிகள் பொது வேலைநிறுத்தம் செய்து அவனை விரட்டினார்கள். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. 1934-ல் வலதுசாரி ஆட்சி அவனுக்குப் பொது மன்னிப்பு அளித்தது. மன்னிக்கப்பட்ட அதே ஆசாமி 1936 கலகத்துக்குத் தலைவனாக நியமிக்கப்பட்டான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கலகம் தோற்ற வேகத்தில் 1932 செப்டம்பரில் நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. சட்டம் நல்ல சட்டம்தான், காகிதத்தில். பணம் ஒதுக்கியது சொற்பம். அளப்பதற்கும் கணக்கெடுப்பதற்கும் வகைப்படுத்துவதற்குமே காலம் போயிற்று. 1933 கடைசி வரையில் நிலம் கிடைத்த குடும்பங்கள் ஐயாயிரத்தைக்கூட எட்டவில்லை. காத்திருந்தவர்களோ லட்சக் கணக்கில். பொறுமையிழந்த ஏழைகள் 1933 ஜனவரியில் காதிஸ் மாகாணத்தின் கஸாஸ் பியேஹாஸ் என்ற சிற்றூரில் கிளர்ந்தெழுந்தபோது, குடியரசின் போலீஸே ஒரு குடிசையை உள்ளே இருந்தவர்களோடு கொளுத்தியது. பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். நிலத்தைக் கொடுக்கத் தயங்கிய சர்க்கார் தோட்டாவைக் கொடுக்கத் தயங்கவில்லை.

1933 நவம்பர் தேர்தல் வந்தது. சோஷலிஸ்டுகளும் குடியரசுவாதிகளும் தனித்தனியே நின்றார்கள். அராஜகவாதிகளின் சங்கமான சி.என்.டி. "ஓட்டே போடாதே" என்று பிரசாரம் செய்தது. வலதுசாரிகள் ஒன்றாக நின்றார்கள், ஜெயித்தார்கள்.

அறுப்புக் காலமும் அக்டோபரும்

இந்த இடத்தில் நமது ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

1934 மே மாதத்தில், வெளியூர் ஆட்களை இறக்கக் கூடாது என்ற சட்டத்தை வலதுசாரி ஆட்சி ரத்து செய்தது. கூலி சரிந்தது. ஜூன் 5-ம் தேதி, அறுப்புக்கு அரிவாள் எடுக்கும் சமயத்தில், நிலத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்துச் செய்த வேலைநிறுத்தம் அது. உள்நாட்டு மந்திரியோ "அறுவடை தேசத்தின் பொதுப்பணி" என்று அறிவித்து அதைச் சட்டவிரோதமாக்கினான். எட்டு மாதப் பட்டினியின்போது தேசத்தின் பொதுப்பணியாக இல்லாத வயல், கூலி கேட்டவுடன் தேசத்தின் பொதுப்பணி ஆகிவிட்டது! ஆயிரக் கணக்கானோர் கைதானார்கள். துப்பாக்கி முனையில் கூலிகளை லாரிகளில் ஏற்றி, நூற்றுக் கணக்கான மைல் தள்ளி இறக்கிவிட்டு, சோறும் காசும் இல்லாமல் ஊருக்கு நடக்க விட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சிகள் பல கலைக்கப்பட்டன. அந்த நாற்காலிகளில் பண்ணையாரின் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

அப்போது நகரத்துத் தொழிற்சங்கத் தலைமை என்ன செய்தது? "பெரிய போராட்டம் வருகிறது, பலத்தைச் சேமித்து வைப்போம்" என்று சொல்லி, ஆதரவு வேலைநிறுத்தம் செய்யாமல் ஒதுங்கி நின்றது.

நான்கு மாதம் கழிந்தது. அக்டோபர் 4-ம் தேதி, குடியரசை மனதார ஏற்காத ஹில் ரோப்லெஸ் கட்சியினர் மூன்று பேர் மந்திரிசபையில் புகுந்தார்கள். ஜெர்மனியில் ஹிட்லர் சட்டப்படியே பதவிக்கு வந்து, தொழிற்சங்கங்களை அழித்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதே 1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் தொழிலாளர் குடியிருப்புகளைப் பீரங்கி வைத்துச் சுட்டார்கள். இதையெல்லாம் கண்ட அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளிகள் எழுந்தார்கள். அங்கே மட்டும் சோஷலிஸ்டு, கம்யூனிஸ்டு, அராஜகவாதி என்ற வேற்றுமை பாராமல் "பாட்டாளிச் சகோதரர்களே, ஒன்றுபடுங்கள்!" என்ற முழக்கத்தின் கீழ் நின்றார்கள். சுரங்க வெடிமருந்தை ஆயுதமாக்கி இரண்டு வாரம் தாக்குப் பிடித்தார்கள். மாட்ரிட்டில் யுத்த இலாகாவில் உட்கார்ந்து ஒடுக்குமுறையை நடத்தியவன் ஜெனரல் பிராங்கோ. மொராக்கோவிலிருந்து அன்னியப் படையையும் கூலிப் பட்டாளத்தையும் கொண்டுவந்து சொந்த நாட்டுத் தொழிலாளியின் மேல் ஏவினான். ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பல்லாயிரம் பேரைக் கொண்டு சிறைகள் நிரம்பின.

அக்டோபரில் சுரங்கம் எழுந்தபோது தெற்கே வயல்கள் எழவில்லை. எப்படி எழும்? ஜூன் மாதத்திலேயே அவர்களுடைய சங்கம் நொறுக்கப்பட்டுவிட்டது. தலைவர்கள் சிறையில் கிடந்தார்கள். ஜூனில் வயல் தனியாக அடிபட்டது. அக்டோபரில் சுரங்கம் தனியாக அடிபட்டது. வர்க்க எதிரி ஒவ்வொருவராகப் பிரித்து அடித்தான். நான்கு மாத இடைவெளியில் ஒரு நாட்டின் உழைப்பாளிகள் கொடுத்த விலை இது.

ஓட்டில் தோற்றவர்கள்

சிறைகள் பாடம் கற்பித்தன. 1936 ஜனவரி 15-ம் தேதி இடதுசாரிக் குடியரசுவாதிகள், சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் முதலியோர் மக்கள் முன்னணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் முதல் கோரிக்கை அரசியல் கைதிகளின் விடுதலை. சி.என்.டி. இம்முறை "ஓட்டுப் போடாதே" என்று வற்புறுத்தவில்லை. அதன் உறுப்பினர்கள் பலர் சிறையிலிருக்கும் சகோதரனுக்காக ஓட்டுப் போட்டார்கள்.

பிப்ரவரி 16-ம் தேதி மக்கள் முன்னணி ஜெயித்தது. இரு தரப்பு வாக்குகளுக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை; ஆனால் 473 இடங்கள் கொண்ட பார்லிமெண்டில் முன்னணிக்குத் தெளிவான பெரும்பான்மை. "வாக்கு குறைவு, இடம் அதிகம், இது என்ன நியாயம்?" என்று வலதுசாரிகள் கூச்சலிட்டார்கள். ஒன்றாக நிற்பவர்களுக்கு அதிக இடம் தரும் அதே முறையால்தான் 1933-ல் அவர்கள் ஜெயித்தார்கள். அன்று அது நியாயமாக இருந்தது!

"செம்பேய் ஆட்சிக்கு வந்துவிட்டது" என்று பணக்காரப் பத்திரிகைகள் அலறின. உண்மை என்ன? பிப்ரவரி முதல் ஜூலை வரை மந்திரிசபையில் ஒரு கம்யூனிஸ்டும் இல்லை, ஒரு சோஷலிஸ்டும் இல்லை, எல்லோரும் குடியரசுவாதிகள். பார்லிமெண்டில் கம்யூனிஸ்டுகள் 17 பேர். நிலத்தைத் தேச உடைமையாக்கும் கொள்கையைக் குடியரசுவாதிகள் ஏற்கவில்லை என்று முன்னணி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இதுதான் அவர்கள் கண்ட செம்பேய்!

மக்கள் காத்திருக்கவில்லை என்பது மெய். மார்ச் 25-ம் தேதி விடியற்காலையில் பதஹோஸ் மாகாணத்தில் சுமார் 60 ஆயிரம் விவசாயிகள் ஏறக்குறைய 3 ஆயிரம் பண்ணைகளில் ஒரே நேரத்தில் புகுந்து ஏர் பூட்டினார்கள். மூன்றரை ஆண்டு காலம் காகிதத்தில் கிடந்த சட்டத்தை அவர்கள் கலப்பையால் நிறைவேற்றினார்கள். சர்க்காரும் அதை அங்கீகரிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகள் அனைத்திலும் விநியோகமானதை விட அதிகமான நிலம் அந்த ஆண்டு மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் விநியோகமாயிற்று.

சதியின் தேதிகள்

தெருக்களில் கொலைகள் நடந்தன, மறுப்பதற்கில்லை. பலாஞ்சே என்ற பாசிஸ்டுக் கும்பல் காரில் வந்து சுட்டுவிட்டுப் போகும்; இந்தப் பக்கத்திலும் பதிலுக்குச் சுட்டார்கள். மாதாகோவில்கள் கொளுத்தப்பட்டன. ஜூலை 12-ம் தேதி குடியரசுக்கு விசுவாசமான போலீஸ் லெப்டினெண்டு காஸ்தீயோ சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் விடிவதற்குள் அவருடைய சகாக்கள் முடியாட்சிவாதிகளின் தலைவன் கால்வோ ஸொதேலோவைக் கொன்றார்கள். "இந்தக் கொலையால்தான் ராணுவம் பொங்கியெழுந்தது" என்று பிராங்கோவின் ஆட்கள் நாற்பது ஆண்டு காலம் எழுதி வந்தார்கள்.

தேதிகளைப் பாருங்கள். பிராங்கோவைக் கானரித் தீவுகளிலிருந்து மொராக்கோவுக்கு ஏற்றிச் செல்ல வாடகைக்கு அமர்த்திய ஆங்கில விமானம் லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டனிலிருந்து கிளம்பியது ஜூலை 11-ம் தேதி. கொலை நடந்தது 13-ம் தேதி. நடக்காத கொலைக்கு முன்கூட்டியே பழி வாங்கக் கிளம்பிய விமானமா அது? கலகத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் முதன்மையானவன் ஹுவான் மார்ச் என்ற கோடீசுவரன். ஜெனரல் மோலா பம்பலோனாவில் உட்கார்ந்து கொண்டு, எதிரியை நொறுக்க மிகக் கொடூரமாகத் தாக்க வேண்டும் என்று ரகசியக் குறிப்புகள் அனுப்பியது அதற்குப் பல வாரங்கள் முன்பு. பிப்ரவரித் தேர்தல் முடிவு வந்த சூட்டிலேயே ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்யுமாறு பிராங்கோ பிரதம மந்திரியை நெருக்கினான், அவர் மறுத்தார். இன்னும் பின்னால் போங்கள்: 1934 மார்ச் 31-ம் தேதி முடியாட்சிவாதிகள் ரோமாபுரியில் முசோலினியைச் சந்தித்துப் பணமும் துப்பாக்கியும் தருவதாக வாக்குறுதி பெற்றார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது வலதுசாரி சர்க்கார்! நாட்டில் ஒழுங்கில்லை என்பதற்காகவா அந்த யாத்திரை? மக்களின் ஓட்டு என்றாவது தங்களுக்கு எதிராக விழும் என்பதற்காக.

ஆகவே நமது தீர்ப்பு தெளிவு. ஓட்டில் ஜெயிக்கும்வரை சட்டம் பேசினார்கள். ஓட்டில் தோற்றதும் துப்பாக்கியை எடுத்தார்கள். யுத்தத்தை மூட்டியவர்கள் அவர்கள்.

எங்கே வழுக்கியது?

எதிரி சதி செய்தான் என்று சொல்லி முடித்துவிட்டால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. எதிரி சதி செய்வது இயல்பு. அந்தச் சதி ஏன் கருவிலேயே அழியவில்லை?

முதலாவது, நிலம். 1931-லேயே உழுபவனுக்கு நிலம் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு கிராமமும் குடியரசின் கோட்டையாகியிருக்கும். வட பகுதியான காஸ்தீலில் துண்டு நிலம் வைத்திருந்த சிறு விவசாயிக்குக் குடியரசால் என்ன லாபம் என்று யாரும் காட்டவில்லை. அவனுடைய கோதுமை விலையைப் பற்றிப் பேசியவர்கள் வலதுசாரிகள். அவனுடைய கோவிலுக்குத் தீ வைத்தவர்கள் நம்மைச் சேர்ந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். கோவிலைக் கொளுத்துகிறவன் பண்ணையாருக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறான். ஏழையின் வயிற்றைத் தொட்டுப் பேசாமல் அவனுடைய நம்பிக்கையைச் சீண்டுவதால் புரட்சி ஓர் அங்குலம்கூட நகராது.

இரண்டாவது, ராணுவம். முழுச் சம்பளத்தோடு ஓய்வு தருகிறோம் என்று அஸான்யா அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பினார். போனவர்களில் நல்லவர்களும் உண்டு, தங்கியவர்களில் சதிகாரர்களும் உண்டு. 1936-ல் பிராங்கோவைக் கானரித் தீவுகளுக்கும் மோலாவைப் பம்பலோனாவுக்கும் மாற்றினார்கள். மாற்றல் உத்தரவு சதிகாரனுக்குத் தண்டனையாகுமா? மோலாவுக்கு அது வசதியாக அமைந்தது.

மூன்றாவது, மொராக்கோ. குடியரசு தன் காலனிக்கு விடுதலை கொடுக்கவில்லை. அடிமைப்பட்ட மொராக்கோ ஏழையின் பசியைக் காசாக்கி, அவன் கையில் துப்பாக்கி கொடுத்து, ஸ்பானிஷ் ஏழையைச் சுட வைத்தான் பிராங்கோ. இன்னொரு இனத்தை அடிமையாக வைத்திருக்கும் குடியரசு தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொள்கிறது.

நான்காவது, ஒற்றுமையின்மை. யு.ஜி.டி., சி.என்.டி. என்ற இரண்டு பெரிய சங்கங்கள். ஒரே ஊரில், ஒரே தொழிலில், ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் மற்றொன்று வேலைக்குப் போனதுண்டு. சோஷலிஸ்டுக் கட்சிக்குள்ளேயே கபயேரோ கோஷ்டி, பிரியேதோ கோஷ்டி. 1936 மே மாதத்தில் உறுதியான மந்திரிசபை அமைக்கும் வாய்ப்பு இந்தக் கோஷ்டிச் சண்டையில் வீணாயிற்று.

இத்தனைக்கும் பிறகு, ஜூலை 17-ம் தேதி மாலை மெலில்யாவில் கலகம் வெடித்தபோது, பிரதம மந்திரி கஸாரெஸ் கிரோகா தொழிலாளிகளுக்கு ஆயுதம் தர மறுத்தார். அடுத்து வந்தவர் மோலாவோடு தொலைபேசியில் சமரசம் பேசினார். மோலா முடியாது என்றான். 19-ம் தேதி பதவியேற்ற ஹிரால் சர்க்கார்தான் ஆயுதக் கிடங்கைத் திறந்தது. பார்ஸிலோனாவிலும் மாட்ரிட்டிலும் தொழிலாளிகள் விசுவாசமான போலீசோடு சேர்ந்து கலகக்காரர்களை நொறுக்கினார்கள். தயக்கம் நீடித்த செவில், ஸரகோஸா முதலிய நகரங்கள் பறிபோயின. கப்பல் சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளை மடக்கி, கடற்படையின் பெரும்பகுதியைக் குடியரசுக்குக் காப்பாற்றினார்கள். பிராங்கோவின் பட்டாளம் கடலைத் தாண்ட முடியாமல் ஆப்பிரிக்கக் கரையில் நின்றது. அப்போது ஹிட்லரின் விமானங்களும் முசோலினியின் விமானங்களும் வந்தன. சதி கலகமாயிற்று, கலகம் யுத்தமாயிற்று. பிரிட்டனும் பிரான்ஸும் "தலையிடாக் கொள்கை" என்று சொல்லிக் குடியரசின் கையைக் கட்டின. சோவியத் யூனியனும், பல நாடுகளிலிருந்து வந்த சர்வதேசப் படையினரும் துணை நின்றார்கள். நாகபுரியிலிருந்து போன கோபால் முகுந்த் ஹுத்தாரும் அந்தப் படையில் ஒருவர்.

மார்ச் மாதத்தில் 60 ஆயிரம் விவசாயிகள் ஏர் பூட்டினார்களே, அந்தப் பதஹோஸ் மாகாணத்தின் தலைநகர் ஆகஸ்டு 14-ம் தேதி விழுந்தது. பிடிபட்டவர்களை நகரத்தின் காளைச் சண்டை மைதானத்தில் நிறுத்திச் சுட்டார்கள். நிலம் மீண்டும் பண்ணையாரிடம் போயிற்று. 1939 ஏப்ரல் 1-ம் தேதி யுத்தம் முடிந்தது. மாண்டவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. 1975-ல் பிராங்கோ சாகும்வரை அந்த நாடு சர்வாதிகாரத்தின் கீழ் கிடந்தது.

நாம் சொல்ல வேண்டியது

"நீங்கள் கேட்டதால்தான் யுத்தம் வந்தது" என்று இனி எவனாவது சொன்னால், இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள். ஸ்பானிஷ் ஏழை கேட்டது 8 மணி நேர வேலை, உள்ளூரில் வேலை, உழ ஒரு துண்டு நிலம். கேட்காமல் இருந்த நூற்றாண்டுகளில் அவனுக்கு அமைதி கிடைத்ததா? பட்டினிதான் கிடைத்தது.

தலைமுறை தலைமுறையாக அனுபவித்த சொத்தையும் அதிகாரத்தையும் ஒரு ஓட்டுச் சீட்டுக்காக யாரும் விட்டுக் கொடுப்பதில்லை. ஆகவே ஓட்டு வேண்டாம் என்று முடிவு கட்டுவது மடமை; ஓட்டுப் போட்டதோடு வேலை முடிந்தது என்று படுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய மடமை. ஜெயித்த ஓட்டுக்குப் பின்னால் சங்கம் நிற்க வேண்டும். ஆலைச் சங்கத்துக்குப் பின்னால் வயல் நிற்க வேண்டும். வயல் சங்கத்துக்குப் பின்னால் ஆலை நிற்க வேண்டும். அறுப்புக் கூலிப் போராட்டம் நடக்கும்போது "அது கிராமத்து விவகாரம்" என்று ஆலைத் தொழிலாளி ஒதுங்கினால், நாளை ஆலைக் கதவு அடைபடும்போது துணைக்கு வர கிராமத்தில் சங்கம் மிஞ்சியிருக்காது.

1934 ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவே இருந்த நான்கு மாதத்தை நாம் மறக்கக் கூடாது. அடுத்த அறுப்புக்கு முன் ஒவ்வொரு ஆலைச் சங்கக் கிளையும் தன் பக்கத்துக் கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு ஒரு முறையாவது கூடிப் பேசட்டும்.